இரண்டு நில்

1

ஆறு பத்துக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கழுவ ஒரு தட்டுதான் இருந்தது, கழுவினான். பால் திரிந்திருந்தது. கொட்டிவிட்டு வெறும் தேநீர் குடித்தான். முகம் வழித்தான். தாடைக்குக் கீழே கொஞ்சம் விட்டுப்போயிற்று. ஏழு நாற்பது பேருந்து. உட்கார இடம் கிடைத்தது. எட்டரைக்கு வேலையிடத்தின் வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தான். பச்சை விளக்கு எரிந்தது.

(இதுவரை பொய் இல்லை. பால் திரிந்தது மட்டும் அதற்கு முந்தின நாள்.)

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கறிஞர் என்னிடம் வெள்ளைத்தாள் கொடுத்தார். "உங்களுக்குத் தெரிஞ்சத உங்க சொந்த வார்த்தையில எழுதிட்டு வாங்க. சட்டத்துக்கு ஏத்த மாதிரி நாங்க மாத்திக்கறோம்" என்றார். திங்கட்கிழமைக்குள் வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். 'நான்' என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் கை நின்றுபோகிறது. 'அவன்' என்று எழுதினால் ஓடுகிறது. வாக்குமூலத்தில் 'அவன்' செல்லாதாம். அதனால் இது கதையாகிவிட்டது.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கிற நிறுவனத்தில், அவற்றுக்குக் கையேடு எழுதுவது வேலை. மனைவியும் அங்கேயே வேலை பார்த்தாள். அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

2

அவளை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது? மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

அவள் சிரிக்கும்போது — (வேண்டாம்.)

மழை பெய்துகொண்டிருந்த ஒரு — (பெய்யவில்லை.)

அவள் ஒரு மொழியை உருவாக்கினாள்.

மூன்றாவது நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், நிறுவனம் தொடுத்த வழக்கின் முதல் வரியும் இதேதான்.

மொழி என்றால் பேசுகிற மொழி இல்லை, நிரல்மொழி. மொத்தம் இருபத்தேழு சொற்கள். வெட்டு, மடி, தள்ளு, ஒட்டு, நில், இப்படி. இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் இவற்றை வரிசையாகத் தட்டினால் அட்டை பெட்டியாகி வெளியே வரும். அதற்கு முன்னால் எல்லாம் எண்கள்தான். ஓர் எண் பிசகினால் முந்நூறு அட்டை குப்பைக்குப் போகும். முதல்முறை அவள் செய்துகாட்டியபோது இயந்திரத்தில் நின்ற மூத்தவர் ஒருவர், "என் பொண்டாட்டி ஒரு நாளைக்கு எங்கிட்ட பேசறதே இந்த அளவு வார்த்தைதாம்மா. பழகிடுவேன்" என்றார்.*

* இது கதைக்குத் தேவையில்லை. அன்றைக்கு அவள் சிரித்ததால் வைத்திருக்கிறேன்.

3

அவளுடைய அண்ணனுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. நிறுவனம் கைவிட்ட பழைய இயந்திரங்களை அவர் எடுத்துச் சரிசெய்து கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த இயந்திரங்களுக்கு மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் தானே தயாரித்தார். அதன் உள்ளே ஓடுகிற நிரல் முழுக்க அவர் ஆட்கள் புதிதாக எழுதியது. ஆனால் அது புரிந்துகொள்வது தங்கையின் இருபத்தேழு சொற்களை. அந்தச் சொற்கள் எங்களுடையவை என்று நிறுவனம் வழக்குப் போட்டிருக்கிறது. தோற்றால் போட்ட பெட்டிகளையெல்லாம் கழற்ற வேண்டும். பட்டறையை மூட வேண்டும். ஒன்பது பேர் அங்கே வேலை செய்கிறார்கள்.

(இந்த அண்ணன் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பட்டறை, ஒன்பது பேர் என்று எழுதியவுடன் வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். அதனால் இதையும் எழுதுகிறேன்: அவர் ஏழை இல்லை. வாய் நீளம். தங்கை ஏழு வாரம் படுத்திருந்தபோது மூன்று முறைதான் வந்தார். மூன்று முறையும் போனில் பேசிக்கொண்டே இருந்தார்.)

சனிக்கிழமை அவன் பட்டறைக்குப் போனான்.

"வா மாப்ள. சாப்ட்டியா?"

"ம்."

"ம்-னா சாப்டலன்னு அர்த்தம். உக்காரு. உங்க வக்கீல் கூப்பிட்டாங்களாமே?"

"எங்க வக்கீல் இல்ல மச்சான். கம்பெனி வக்கீல்."

"உனக்குச் சம்பளம் யாரு தர்றா? அப்ப உங்க வக்கீல்தான்." துணியில் கை துடைத்தார். "எம்மேல திருட்டுப் பட்டம் கட்டுறாங்க. நான் அவ எழுதின ஒரு வரியக்கூடத் தொடல. மெஷினுக்குப் புரியற வார்த்தையத்தானே நானும் சொல்லணும்? 'வெட்டு'ன்றத 'நறுக்கு'ன்னு மாத்தினா பழைய ஃபைல் எல்லாத்தையும் யாரு திருத்துறது, அவங்கப்பனா?"

"அது சரி மச்சான்."

"என்ன சரி? இங்க உக்காந்து சரி சரின்னுவ. அங்க போயி கையெழுத்துப் போட்டுட்டு வருவ."

மூலையில் ஒரு பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவள் சொற்கள். வெட்டு. நில். நில். மடி.

4

வழக்கறிஞர் நல்ல பெண்மணி. முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"ஒரு மொழிக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வேலை நடக்கற முறை யாருக்கும் சொந்தமில்லம்பாங்க. அதச் சொன்ன விதம் சொந்தம்பாங்க. நாம காட்ட வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இதுல உங்க மனைவியோட கை இருக்கு. வேற ஆள் செஞ்சிருந்தா வேற மாதிரிதான் இருந்திருக்கும்."

"வெட்டுறதுக்கு எல்லாரும் வெட்டுன்னுதான் சொல்வாங்க."

"கரெக்ட். அதத்தான் அவங்க தரப்பும் சொல்லுது. ஆனா ரெண்டு நில்?" கையேட்டைத் திறந்து காட்டினார். "ஒவ்வொரு வெட்டுக்கும் அப்புறம் ரெண்டு தடவ நில் போடணும். ஒண்ணு போட்டா மெஷின் தப்புங்குது. எதுக்கு ரெண்டு? எங்க நிபுணரக் கேட்டேன். மெஷினுக்கு அது தேவையே இல்லயாம். ஒரு கவிஞர் ஒரு சொல்ல ரெண்டு தடவ போடற மாதிரி. அது முழுக்க அவங்க கற்பனை. அந்தப் பட்டறைக்காரர் அதையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்காரு."

அவன் கையேட்டின் பதினான்காம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிவேட்டுல காரணம் 'பாதுகாப்பு'ன்னு இருக்கு; உங்க மனைவி தானா யோசிச்சுத்தான் அப்படி வச்சாங்கன்னு நீங்க எழுதிக் கொடுங்க. பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க. உரிமை கம்பெனிக்குத்தான், அது வேற. ஆனா தீர்ப்புல உருவாக்கியவர்னு அவங்க பேரு வரும். அத யாரும் அழிக்க முடியாது."

அவளுடைய பெயர் இப்போது எங்கெல்லாம் இருக்கிறது என்று அவன் யோசித்தான். இறப்புச் சான்றிதழில். மருந்துக்கடைச் சீட்டுகளில். அலுவலகத்தில் அவள் மேசை மேலிருந்த பெயர்ப்பலகையை இரண்டாம் வாரமே எடுத்துவிட்டார்கள்.

(இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். சமையல் புத்தகத்துக்குப் பதிப்புரிமை உண்டு, உப்புப் போடுவதற்குக் கிடையாது என்று ஆரம்பித்தது. இந்தக் கதையில் இருக்கிற ஒரு சொல்லும் என்னுடையது இல்லை, ஆனால் கதை என்னுடையது என்று தொடர்ந்தது. அப்படியானால் ஒருத்தி சொற்களைச் செய்யாமல், அவற்றை அடுக்குகிற விதியைச் செய்தால் அது இரண்டில் எதில் சேரும் என்று கேட்டுவிட்டு)

5

நடந்தது இது.

அந்த மொழியின் முதல் கையேட்டை எழுதியவன் அவன். பதினான்காம் பக்கத்தில் ஒரு மாதிரி நிரல் உண்டு. வேறு பக்கத்திலிருந்து வரிகளை எடுத்து ஒட்டினான். 'நில்' என்ற வரியை ஒட்டும்போது விரல் இரண்டு தடவை அழுந்திவிட்டது. பிழை பார்த்தவனும் அவன்தான். பார்க்கவில்லை. அறுநூறு பிரதிகள் அச்சாகி இயந்திரங்களோடு போய்விட்டன.

இரண்டாவது நில் வந்ததும், நின்றுவிட்ட இயந்திரத்துக்கு எதை நிறுத்துவது என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து பூட்டிக்கொண்டது. நாலாபக்கமிருந்தும் தொலைபேசி. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு மாதம். அவள் அவன் மேசைக்கு வந்து கையேட்டைத் திறந்து வைத்தாள்.

"பதினாலாம் பக்கத்த எழுதின மகான் யாரு?"

"ஏன்?"

"ரொம்ப உணர்ச்சியா எழுதியிருக்கு. நில்லு நில்லுன்னு. கெளம்பின பஸ்ஸத் தொரத்துற மாதிரி."

அவன் பார்த்தான். "திருத்தத் தாள் அடிச்சு அனுப்பிடறேன்."

"எவன் படிப்பான் அத? அறுநூறு எடத்துல இதப் பாத்துத்தான் தட்டிட்டிருக்காங்க. அதுவும் இல்லாம, திருத்தத் தாள் போனா உங்க மேனேஜர் உன்ன நிக்க வச்சுத் தோல உரிப்பாரு. ஏற்கெனவே உன்மேல காண்டுல இருக்காரு."

"பின்ன என்ன செய்றது?"

"கையேட்ட விடு. மொழிய மாத்திடறேன்."

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டாள். இரண்டு நில் போடலாம் என்று இல்லை. போட்டே ஆக வேண்டும் என்று. ஏன் அப்படி என்று கேட்டான்.

"ஒண்ணே போதும்னு விட்டா, கையேட்டுல எதுக்கு ரெண்டுன்னு எவனாவது கேப்பான். ரெண்டும் வேணும்னு வச்சுட்டா கேக்க மாட்டான். சட்டம்னு நெனச்சுக்குவான்."

பதிவேட்டில் மாற்றத்துக்குக் காரணம் எழுதுகிற கட்டத்தில் ஒரே சொல் போட்டாள்: பாதுகாப்பு. அடுத்த வாரம் பராமரிப்புக்குப் போனவர்கள் எல்லா இயந்திரங்களிலும் புதிய பதிப்பை ஏற்றினார்கள். மறுவருடம் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் 'இரட்டை நிறுத்தப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அதை எழுதச் சொன்னதும் அவனிடம்தான். எழுதினான்.

அந்த மொழி முழுவதிலும், இயந்திரத்துக்குத் தேவையே இல்லாதது இந்த இரண்டாவது நில்தான். புருஷன் திட்டு வாங்கக் கூடாதென்று அவள் வைத்தது.

வேறு கடிதம் எதுவும் அவள் எனக்கு எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தோம், எழுத வேண்டியிருக்கவில்லை.

6

முடிவுகள்.

அ. அவன் உண்மையை எழுதுகிறான். இரண்டு நில் கற்பனை இல்லை, ஒட்டும்போது நடந்த பிழை என்று ஆகிறது. வழக்கின் முதுகெலும்பு முறிகிறது. பட்டறை பிழைக்கிறது. அவன் வேலை போகிறது. அது போகட்டும். தீர்ப்பில் அவள் பெயர் வருகிறது, பதிவேட்டில் பொய்க் காரணம் எழுதிய ஊழியர் என்று. 'பாதுகாப்பு' என்ற அந்த ஒற்றைச் சொல்லை இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் நாள் முழுக்கச் சவைக்கிறார்கள்.

ஆ. அவன் கையெழுத்துப் போடுகிறான். உருவாக்கியவர் என்று அவள் பெயர் நிற்கிறது. அண்ணன் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். அவனை 'மாப்ள' என்று கூப்பிட யாரும் இல்லை. அவள் சொற்களைத் தட்டிக்கொண்டிருந்த பழைய இயந்திரங்கள் எடைக்குப் போகின்றன. பெயர் இருக்கிறது, மொழி

இ. அவன் போகவே இல்லை. படுத்திருக்கிறான். அவன் இல்லாமலே யாரோ ஜெயிக்கிறார்கள்.

(இ-யை முதலில் எழுதினேன். அதுதான் எனக்கு இயல்பு. நான்கு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் கோழைக்குக் கதையில் இடம் கொடுத்தால் அவன் முழுக் கதையையும் பிடித்துக்கொள்வான்.)

7

நேற்று மதியம் வழக்கறிஞர் கூப்பிட்டார். "ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. கடைசி நேரத்துல இந்த மொழியப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? சொல்லியிருந்தா எழுதிடுங்க. ரொம்ப உதவும்."

ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். எங்கோ சாலையோரம் நின்று பேசினார், வண்டிச் சத்தம் கேட்டது. "மாப்ள, நீதான் கூட இருந்த. நான் இல்ல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். அவ ஏதாவது சொல்லியிருப்பாளே... அண்ணனே வச்சுக்கட்டும்னு, எல்லாருக்கும் பொதுன்னு... ஒரு வார்த்த?"

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சொன்னாளா இல்லயா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

"அது நான் செஞ்சது. எவனுக்கும் குடுக்காத."

"எல்லாரும் எடுத்துக்கட்டும். வார்த்தைக்கு எதுக்குப் பூட்டு?"

"எனக்காக எதையும் மறைக்காத. உள்ளதச் சொல்லிடு."

மூன்றும் அவள் குரலிலேயே இருக்கின்றன. எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய காரியம் இல்லை. இவற்றில் எதைத் தாளில் சேர்த்தாலும் யாரும் மறுக்க முடியாது, அவள் படுத்திருந்த அறையில் வேறு ஆள் இருந்ததில்லை. வழக்கில் இருக்கிற எல்லாவற்றிலும், உருவாக்கியவர் யார் என்று சந்தேகமே இல்லாதவை இந்த மூன்று வாக்கியங்கள்தான். மூன்றும் நான் எழுதியவை.

மூன்றையும் அடித்துவிட்டேன். அ-வா ஆ-வா என்று இன்னும் தெரியவில்லை. வழக்கறிஞர் தந்த தாளில் மேல்பாதி எப்படியோ நிரம்பியிருக்கிறது, 'பதினான்காம் பக்கம்' என்ற இடத்தில் நிற்கிறது. மீதியை நீங்கள் எழுதலாம். அவள் பெயர் நிற்க வேண்டும் என்றால் ஒரு மாதிரி எழுதுவீர்கள். சொற்கள் ஓட வேண்டும் என்றால் வேறு மாதிரி. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே நிபந்தனை, அவள் சொல்லாததை அவள் சொன்னதாக எழுதக் கூடாது.

அதற்கு அவள் கடைசியாகச் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே 'அவன்' உதவமாட்டான்.

காலை பதினொன்றரை. மருத்துவமனையின் மூன்றாம் மாடி. அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போக வந்தவர் கட்டிலின் பூட்டைக் காலால் விடுவித்தார். கட்டில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். கதவுக்கு அப்பால் நான் போகக்கூடாது. அவள் தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்க," என்றாள். "பரவால்ல, யாரு பாக்கப் போறா."