லெயோன் டாக்டர் கொடுத்த இதயநோய்

லெயோன் டாக்டர் 1984 மாசியில் இறந்துபோனார். காரைக்காலில் அவரிடம் பாதிப் பேருக்குப் பயம், மீதிப் பேருக்குப் பாசம். வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே "இது வயிறா, நெல் குதிரா?" என்று கேட்கிற மனிதர் மீது வேறென்ன வரும்?

நினைவுக் கூட்டத்துக்குத் தலைவர், கேட்கவே வேண்டாம், நெரவி சோமசேகரன். ஓய்வுபெற்ற தாசில்தார். அதைவிட முக்கியம், லெயோன் டாக்டரின் இதயநோயாளி. பன்னிரண்டு வருடமாக அந்த நோயை ஒரு பதவி போல வகித்து வந்தார். மாடி ஏற மாட்டார். எந்தச் சபையிலும் மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்குத்தான் நாற்காலி. யாராவது எதிர்த்துப் பேசினால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். எதிராளி மன்னிப்புக் கேட்பார்.

டாக்டர் கைப்பட எழுதிய நோயாளிச் சீட்டுகளைக் கூட்டத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். முதல் சீட்டு தம்முடையதாக இருக்க வேண்டாமா? அதை வாங்க டாக்டரின் மனைவி எலேன் அம்மாவிடம் போனார். டாக்டர் எழுதுவது பிரெஞ்சில்.

"படிங்கம்மா. சபைக்கு நான் தமிழ்ல எடுத்துச் சொல்லணும்ல?"

எலேன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"'இதயம் எருமைக்குச் சமம். நோய் எதுவுமில்லை. தினம் ஒரு சத்து மாத்திரை. மனைவியின் வேண்டுகோள்படி.' அவ்வளவுதான் எழுதியிருக்காரு."

தாசில்தார் கிடைத்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன வேண்டுகோளு?"

"நீங்க போடுற சத்தம் தாங்கலன்னு உங்க வீட்டம்மா பெரியநாயகி வந்து அழுதாங்க. சத்தம் போட்டா நெஞ்சு நின்னுடும்னு சொல்லிவிடுறேன், போங்கன்னாரு. தட்டெல்லாம் பறக்குமாமே?"

"அது அப்ப," என்றார் தாசில்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"மாத்திரை குடுக்குற மருந்துக் கடை தாவூதுக்குத் தெரியும். கம்பவுண்டர் முத்தையனுக்குத் தெரியும். ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டாங்க. சரி, பொட்டியில இத எங்க வைக்கிறது? நடுவுலயா?"

சீட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பன்னிரண்டு வருடம் அடக்கிவைத்த சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. பெரியநாயகி இலை போட்டிருந்தாள். வாயைத் திறந்தார்.

திறந்த பிறகுதான் உறைத்தது. இப்போது கத்திவிட்டு உயிரோடு இருந்தால், நாளையிலிருந்து அவருக்கு நோய் கிடையாது. நோய் போனால் மிஞ்சுவது வெறும் தாசில்தார், அதுவும் ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவர்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு பேர்.

"டாக்டரும் போயிட்டாரு," என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள் பெரியநாயகி. "தஞ்சாவூர்ல யாரோ பெரிய டாக்டரு இருக்காராம். ஒரு தடவ போயி நெஞ்சக் காட்டிட்டு வந்துடுவமாங்க?"

"வேணாம், வேணாம்!" தாசில்தாரின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. குரல் தணிந்துவிட்டது. "லெயோன் சொன்னா சொன்னதுதான். அந்த மாத்திரைய எடு."