ஒரு சிரட்டை எண்ணெய்

அன்று காலை ஷைஜா கைக்குழந்தை அபினுக்கு நகம் வெட்டினாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூங்கும்போதுதான் வெட்ட முடியும். இவனுக்கு விழித்திருக்கும்போதே வெட்டலாம், கை அசையாது. அம்மா தன் விரலைப் பிடித்திருப்பதைக் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டே கிடந்தான். சுண்டு விரலுக்கு வந்தபோது சிரித்தான்.

ஜெபிஷ் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து கிணற்றடியில் கை கழுவினான். விடியும் முன்பே மரங்களைக் கீறிவிட்டு, பால் எடுக்கும் வேலையைக் கூட்டாளியிடம் விட்டு வந்துவிடுவான். கூலியில் பாதி கூட்டாளிக்குப் போய்விடும். ஷைஜா வேலைக்கு இறங்கும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

"என்ன மக்ளே, நகமெல்லாம் வெட்டி மாப்பிள்ள கணக்கா கெடக்குத. பொண்ணு பாக்கப் போறியா?"

"பால் குடுக்கும்போ மூக்குக் குழாய மெதுவா பிடிங்க. நேத்து இருமினான், கேட்டியளா."

"எனக்குத் தெரியும். நீ போ, சங்கு ஊதிரும்."

ஷைஜா உள்ளங்கையை விரித்து அவன் கன்னத்தில் சற்று வைத்திருந்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

முந்திரி ஆலையை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கருங்கல் சந்தைக்குப் போகும் சாலையில் இருந்தது. அதில் முன்கூடம் உடைப்பு. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் ஓடு பிளந்து எண்ணெய் வடியும். அது பட்ட தோல் பொத்துப்போய், ஆறி, கறுத்து, மறுபடியும் பொத்துப்போகும். அதற்காக ஒவ்வொரு வரிசைக்கும் காலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை விளக்கெண்ணெய் வைப்பார்கள். பெண்கள் அதை விரல்களில் தடவிக்கொள்வார்கள். சிரட்டை காய்ந்த பிறகு அடுப்புச் சாம்பல்தான்.

பின்கூடம் தோலுரிப்பு. பருப்பின் மேல் இருக்கும் மெல்லிய செந்தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். காசு குறைவு. ஆனால் அங்கே கையில் படுவது பழுப்புத் தூள் மட்டும். ஊதினால் போய்விடும்.

அபின் பிறக்கும் முன்பும் பிறந்து சில மாதம் கழித்தும் ஷைஜா உடைப்பில்தான் இருந்தாள். திரும்ப வேலைக்குப் போன வாரமே அவள் தொட்ட இடத்தில் குழந்தையின் கன்னம் சிவந்து பொரிந்தது. அதன் பிறகு முழங்கையாலும் மணிக்கட்டின் பின்புறத்தாலும் தூக்கப் பழகினாள். குளிப்பாட்டுவது ஜெபிஷ்தான். கன்னத்தைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் கன்னத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையைத் தூக்கி விட்டாள். அது துணி விழுவதுபோல விழுந்தது. இன்னொரு தடவை தூக்கி விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளில், டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன்பே ஷைஜா கேட்டுவிட்டாள்.

"எனக்க கையில உள்ள அண்டி எண்ணெய் பிள்ளைக்க உடம்புக்குள்ள போயிட்டா டாக்டர்? அதுதான் தளந்து கெடக்குதா?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ஷைஜா கைகளை மேசைமேல் வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்றார். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பிறவியிலேயே உள்ளது." தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் என்றார். கை, கால், பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. முதல் பிறந்தநாளைத் தாண்டுவது கஷ்டம். மருந்து ஒன்று இருப்பதாகச் சொல்லி அதன் விலையையும் சொன்னார். கோடிக் கணக்கு. ஜெபிஷ் தலையை ஆட்டினான்.

"வேதனை உண்டா அவனுக்கு?" என்று கேட்டான்.

"அசையத்தான் முடியாது. தொட்டா தெரியும். நீங்க தொடுறது எல்லாமே அவனுக்குத் தெரியும்."

பஸ்ஸில் வரும்போது குழந்தை ஜெபிஷின் மடியில் இருந்தான். ஷைஜா கைகளைச் சேலைக்குள் வைத்திருந்தாள்.

மறுநாள் அவள் மேஸ்திரி கிளீட்டஸிடம் போய்த் தோலுரிப்புக்கு மாற்றிவிடச் சொன்னாள்.

"அங்க இடம் எங்க இருக்கு? ஒருத்தி எழும்பினாத்தான் ஒருத்தி இருக்க முடியும்" என்றான் கிளீட்டஸ்.

"கொஞ்ச நாளைக்குத்தான் மேஸ்திரியண்ணே."

"கொஞ்ச நாளுண்ணா?"

பின்கூடத்தின் ஜன்னலோரம் இருந்த தேவகனி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மகன்கள் இரண்டு பேரும் திருமணமாகி வெளியூரில் இருந்தார்கள். ஜன்னலோரம் இருபது வருடமாக அவள் இடம்.

"ஏட்டி, இஞ்ச வந்து இரு. நான் அங்க போறேன்."

"வேண்டாம்க்கா. உங்க கையி..."

"எனக்க கை கறுத்தா யாருக்கு நட்டம்? எங்க வீட்டுல கெடக்கியவரு டிவிக்க முன்னால இருந்தாருண்ணா, எந்தக் கை தொட்டாலும் அவருக்குத் தெரியாது. உனக்க மோனுக்குத் தெரியும்லா."

பின்கூடம் சிரித்தது. தேவகனி சேலையைச் செருகிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய், ஷைஜாவின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கையில் இருந்த கறுப்புத் தோல் உரிந்து போகும் வரை ஷைஜா காத்திருந்தாள். விரல் நுனிகள் சிவந்து மிருதுவான ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, கன்னம் பொரிந்த பிறகு முதல்முறையாக உள்ளங்கையால் அபினின் நெற்றியைத் தடவினாள். அவன் கண்ணை மூடினான். நிறுத்தினால் திறந்தான். தடவினால் மூடினான். ஜெபிஷ் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "கள்ளன்" என்றான்.

அதற்குப் பிறகு அவனுக்கு என்னென்ன தொடக் கொடுக்கலாம் என்பதே வீட்டில் பேச்சாயிற்று. ஜெபிஷ் வழவழப்பான ரப்பர்க் காய்களைப் பொறுக்கிவந்து அவன் உள்ளங்கையில் உருட்டினான். கோழிக்குஞ்சை வயிற்றின்மேல் விட்டார்கள். ஓட்டிலிருந்து சொட்டிய மழையை ஒரு விரலில் ஏந்தி உள்ளங்காலில் வைத்தார்கள். திற்பரப்பில் கூட்டம் குறைந்த ஒரு நாள், அருவிக்குச் சற்று தள்ளி நின்று சாரலுக்கு முகத்தைக் காட்டினார்கள். அவன் மூச்சை இழுத்து, திகைத்து, பிறகு வாய் திறந்து சிரித்தான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "பிள்ள ரொம்ப அமைதியா இருக்கானே" என்றாள். "ஆமா, நல்ல பிள்ள" என்றாள் ஷைஜா.

நகம் வெட்டிய அன்று மதியச் சோற்றுக்கு முன்னால் கிளீட்டஸ் பின்கூடத்து வாசலில் வந்து நின்று அவள் பெயரைச் சொன்னான். வேலை நேரத்தில் பெண்களுக்கு போன் இல்லை. ஜெபிஷ் அவனுக்குக் கூப்பிட்டிருந்தான். "ஆட்டோ நிக்கிது, போ" என்று மட்டும் சொன்னான் கிளீட்டஸ்.

ஜெபிஷ் கட்டிலில் குழந்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். சளி உறிஞ்சும் குழாய் பக்கத்தில் கிடந்தது. மூச்சு வயிற்றில் மட்டும் இருந்தது. "இருமக் கூட இல்ல ஷைஜா" என்றான். "பால் நான் மெதுவாத்தான் குடுத்தேன்."

"தெரியும்."

அவள் கை கழுவப் போகவில்லை. கழுவ வேண்டிய கை அல்ல அது. பழுப்புத் தூளைச் சேலையில் தட்டிவிட்டு உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்தாள். அபினின் கண்கள் அந்தப் பக்கம் திரும்பின. நெற்றியைத் தடவினாள். கண்ணை மூடினான். நிறுத்தினாள்.

ஜெபிஷ்தான் குளிப்பாட்டினான். சட்டை போட்டு விட்டது ஷைஜா.

ஆலயத்தில் அடக்க ஆராதனை முடிந்து, துக்கம் கேட்டு வருபவர்களும் நின்ற பிறகு, அவள் அண்டி ஆபீசுக்குப் போனாள். ஜன்னலோர இடத்தைத் தேவகனிக்கு விட்டுவிட்டு உடைப்புக்குத் திரும்பிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். பின்கூடத்தில் ஜன்னல் இருந்தது. அதன் கீழே பச்சை வர்ணம் அடித்த ஒரு மெஷின் பருப்பின் தோலை உரித்துக்கொண்டிருந்தது. தோலுரிக்கும் பெண்களில் பாதிப் பேரைத்தான் காணமுடிந்தது.

கிளீட்டஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "போன வாரம் வந்துது. கடைசியா வந்தவங்க எழும்பி உடைப்புக்குப் போணும்னு முதலாளி சொன்னாரு. நீதானே கடைசி."

"அது எனக்க இடம் இல்லியே அண்ணே. தேவகனியக்காக்க இடம். இருபது வருஷம்."

"நான் சொல்லிப் பாத்தேன். தேவகனி இப்ப உடைப்புலதானே இருக்கா எண்ணு கேட்டாரு."

முன்கூடத்தில் தேவகனி தட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை கறுத்திருந்தது. ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள். ஷைஜா பக்கத்தில் போய் நின்றதும் கல்லைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அக்கா. எனக்காவ எழும்பி, உங்க இடம் போயிட்டே."

"ஏட்டி, நிண்ணு பிரசங்கம் பண்ணாத. இரு. வல்லதும் தின்னியா?"

"குடிச்சேன்."

"என்னத்தக் குடிச்ச?"

"காப்பி."

தேவகனி மடியிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை எடுத்து நீட்டினாள். தன் கை படாமல் இருக்க அதை வாழையிலையில் சுற்றிவைத்திருந்தாள். ஷைஜா தின்னும் வரை தட்டாமல் இருந்தாள். பிறகு ஷைஜாவின் சிவந்த விரல்களைப் பார்த்தாள்.

"இது இண்ணைக்கே பொத்துப்போவும். நல்லாப் பெரட்டிக்க."

சிரட்டையை அவள் பக்கம் தள்ளினாள். ஷைஜா விரல் நுனியை நனைத்துக்கொண்டு அதைத் திருப்பித் தேவகனியிடமே தள்ளினாள். தேவகனி அடுத்தவளிடம் தள்ளினாள். வரிசையில் இப்போது ஆட்கள் கூடுதல். வைக்கிற எண்ணெய் எப்போதும்போல ஒரு சிரட்டைதான். மதியச் சங்கு ஊதும் முன்பே அது காய்ந்துவிட்டது.