சுவருக்கு அந்தப் பக்கத்துத் தக்காளி

மதியழகனுக்குப் பயப்படுவது இரண்டாவது உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. பள்ளிக்கூட வேன் கொஞ்சம் தாமதித்தால் போதும், மனுஷன் தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்துவிடுவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவனைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அது தண்ணீர். வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஓர் இடத்தில் அவனுக்கு வேலை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று நாள் முழுக்க அளப்பவன். அளந்து அளந்து, வீட்டு போர் தண்ணீரை அவன் நம்புவதே இல்லை. குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். குளிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று மகளுக்குக் கட்டளை.

மகள் பாரதிக்கு ஐந்து வயது. சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். கையும் காலும் குச்சியாக இருக்கும். "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. காய், பழம் ஏதாவது உள்ள போவணும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில், சாலட் மேலே அழகுக்கு வைத்திருந்த கோலிக்குண்டுத் தக்காளி ஒன்றை எடுத்து அவள் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். "இன்னொண்ணு" என்றாள். மதியழகனும் அவன் மனைவி மேகலாவும் சாமியைப் பார்த்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளே ஆலங்காயத்தில் நர்சரி வைத்திருக்கும் தோஸ்த் கோதண்டபாணியிடம் போய் நின்றான்.

"செர்ரி தக்காளியில எது வேணும்? சிவப்பு கொத்துக்கொத்தா காய்க்கும், லேசாப் புளிக்கும். சாக்லேட் கலர் பாக்க அழகு, ஆனா தோல் வெடிக்கும். இனிப்பு வேணும்னா இந்த மஞ்சள்தான். கொஞ்சம் நோஞ்சான் செடி, பாத்துக்கணும்."

"நோஞ்சானைப் பாத்துக்கறதுதான்டா என் பொழப்பே. மஞ்சளே குடு."

கொல்லைப்புறத்தில் தொட்டிகள் வந்தன. தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், செம்மண், கொடி ஏறக் குச்சிகள். தண்ணீர் மட்டும் கேனிலிருந்து. காய்ந்துவிடுமோ என்று காலையில் ஊற்றுவான். காலையில் ஊற்றியது போதாதோ என்று மாலையிலும் ஊற்றுவான். ஷூ கம்பெனியிலிருந்து களைத்து வரும் மேகலா, "மனுசங்களுக்கே கேன் பத்தல, செடிக்கு இன்னா ராஜோபசாரம்?" என்று பேஜாராவாள். அவன் கேட்டால்தானே? தலை சாய்ந்துபோன ஒரு நாற்றை மட்டும், இது தேறாது என்று பிடுங்கிப் பக்கத்துச் சுவருக்கு மேலே வீசினான்.

செடிகள் வளர்ந்தன, பூத்தன, பொன்னாகக் காய்த்தன. முதல் பழத்தை மகள் வாயில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாரதி ஒரு கடி கடித்து, உள்ளங்கையில் துப்பினாள்.

"சப்புனு இருக்குப்பா."

அவனும் தின்று பார்த்தான். தண்ணீரைத் தோலில் கட்டிவைத்த மாதிரி இருந்தது. அன்று இரவு அவனும் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் மகளின் கையில் அந்த வாசனையைப் பிடித்தான். தக்காளி இலையைக் கசக்கினால் வருமே, அந்தப் பச்சை வாசனை. தொட்டிப் பக்கமே போகாத பிள்ளையின் கையில் அது எப்படி வந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் மேல் எட்டிப் பார்த்தான்.

அந்தப் பக்கம் முனவ்வர் பேகத்தின் வீடு. தனி மனுஷி. தெருவுக்கே 'ஆபா', அதாவது அக்கா. கம்பெனியிலிருந்து வரும் ஷூ மேல்தோலை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பாள். மேகலா வேலை முடிந்து வரும்வரை பாரதிக்கு அவள்தான் காவல். துவைக்கும் கல்லோரம் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், போர் தண்ணீர் வழிந்து வெள்ளையாக உப்புப் பூத்த மண்ணில், அவன் வீசிய நோஞ்சான் நாற்று இடுப்புயரம் நின்றது. இலை சிறுத்து, பழமும் சிறுத்து, ஆனால் கொத்துக்கொத்தாக. பாரதி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இப்படி ஆசையாக எதையும் தின்று அவன் பார்த்ததே இல்லை.

உப்பு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான். கல்லோரத்து நீரில் முக்கினான். எண் விறுவிறுவென்று ஏறியது.

"இன்னா தம்பி, ஆபீஸ் வேலைய இங்க பாக்கற?" என்று சிரித்தாள் பேகம்.

"ஆபா, இந்தச் செடிய எடுத்துடலாமா? இந்தத் தண்ணில இன்னா இன்னா கலந்திருக்கோ தெரியாது. உப்புதான் இந்த மீட்டர்ல தெரியும், மத்தது தெரியாது. குழந்தை சாப்புடுது."

"நானும்தான் சாப்புடறேன்."

"நீங்க பெரியவங்க ஆபா. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

சொன்னபோது அவனுக்கு அதில் தப்பே தெரியவில்லை. பயம் பிடித்தவனுக்குத் தன் பிள்ளையைத் தவிர எதுவும் கண்ணில் படாது. பேகம் ஊசியை மேல்தோலில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். செடியை வேரோடு பிடுங்கிச் சுவர் மேல் வைத்தாள். பாரதிதான் வீறிட்டு அழுதாள்.

அதன் பிறகு பிள்ளை அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். கொஞ்சநஞ்சம் உண்டதும் நின்றது. இடுப்பில் பாவாடை நிற்காமல் மேகலா ஊக்குக் குத்தி அனுப்பினாள். "புள்ள ஒண்ணே ஒண்ணு ஆசையா தின்னுச்சு, அதையும் புடுங்கிட்ட" என்று அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ராத்திரியில் மகளின் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தான்.

கடைசியில் கோதண்டபாணிக்குப் போன் போட்டான். "ஒரே நாத்துடா. என்னுது சப்புனு இருக்கு, அது தேனா இருக்கு. எப்படி?"

"உப்புத் தண்ணில செடி தண்ணிய கம்மியா இழுக்கும். பழம் சின்னதாயிடும், இனிப்பு ஏறும். நீ ஜாஸ்தி ஊத்தி ஊத்திக் கெடுத்துட்ட. தண்ணியக் கொற. வேணும்னா சமையல் உப்பு ஒரு சிட்டிகை கரைச்சு எப்பவாவது ஊத்து. ஜாஸ்தியானா செடி செத்துடும், பாத்துக்க."

ஊரார் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கச் சம்பளம் வாங்குகிறவன், காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்தான். மீட்டரை முக்கிப் பார்த்தான். ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, போடாமல் இருந்திருக்கலாமோ என்று தொட்டியடியிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு செடி சுருண்டு செத்தது. மற்றவை இலை சிறுத்துத் தாக்குப்பிடித்தன. காய் பழுக்கிற வரை அவன் உயிர் அந்தக் காம்பில்தான் தொங்கியது.

பழுத்த அன்று மகளிடம் நீட்ட அவனுக்குத் துணிவில்லை. ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். பாரதி ஒன்றை எடுத்தாள். மென்றாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நிமிடம் அவள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் சுவரோரம் வந்து நின்றான்.

"ஆபா! உங்க செடி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு!"

பேகம் ஒன்றை வாயில் போட்டாள். அவள் முகம் மலர்ந்தது. ஓடிவந்த பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

"ஆபா, தண்ணி குடுங்க."

பேகம் பழக்கத்தில் டம்ளரை எடுத்துக் குடத்துக்குள் விட்டாள். அப்புறம் கை நின்றது. சுவருக்கு மேலே அவன் தலையைப் பார்த்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க வீட்ல போய்க் குடி கண்ணு. இது நான் குடிக்கற தண்ணி."

மதியழகனுக்குச் சுருக்கென்றது. அன்று தான் சொன்ன வார்த்தை இப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது. உள்ளே போய்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனான். அவள் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கேன் தண்ணீரை நிரப்பினான். பாரதி ஒரு டம்ளர் குடித்தாள். பேகம் குடிக்கவில்லை.

"ஆபா, நான் அன்னைக்கு பயத்துல…"

"பயந்தது தப்பில்ல தம்பி. புள்ளையப் பெத்தவன் பயப்படணும்." அவள் மறுபடி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எனக்கும் சேத்துப் பயந்திருக்கலாம்."