கிணறு டாக்டரின் வெட்ஜ்

அன்றைக்குப் பல் டாக்டருக்கு வந்த கோபத்தை ஓர் அண்டாவில் பிடித்து வைத்திருந்தால், அவர் தெருவிலுள்ள அத்தனை வீட்டுக்கும் ஒரு வாரம் வெந்நீர் போட்டிருக்கலாம். காரணம், சனிக்கிழமை கோல்ஃப்.

பதினாறு வருஷமாக நாலு பேர் ஒன்றாக ஆடுகிறார்கள்: ஓய்வுபெற்ற நீதிபதி, வாயே திறக்காத கப்பல் கேப்டன், டாக்டர், டாக்டருடைய மனைவியின் தம்பி. தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். பந்து மாட்டிக்கொள்ளவென்றே மைதானத்தில் வெட்டிவைத்த மணல் குழியில் டாக்டர் இறங்கினால் மற்ற மூவரும் குடையை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். மட்டையை ஓங்குவார், மணல் பறக்கும், பந்து மட்டும் அசையாது. மறுபடி ஓங்குவார். "அத்தான் தண்ணி வர்ற வரைக்கும் விடமாட்டாரு" என்று ஒரு நாள் மச்சான் சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவர் கிணறு டாக்டர். அவரிடம் பல் பிடுங்க வருகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டார்கள்.

போன சனிக்கிழமை ஒரே மணல் குழியில் ஒன்பது அடி அடித்தார். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். அடுத்த வாரம் எந்த மணல் குழியிலாவது இரண்டு அடிக்கு மேல் போனால், டாக்டருடைய இடம் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பேங்க் மேனேஜருக்கு.

வியாழக்கிழமை காலை கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மட்டையை ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்துக் கொடுக்கும் கடைக்கு டாக்டர் போனார். அளவெடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கிளினிக்கில் அவர் மற்றவர்களைக் கேட்பதுபோல அவள் இவரைக் கேட்டாள். எப்போதிலிருந்து இப்படி, மணல் பொடியா பருக்கையா, மட்டை செங்குத்தாக இறங்குகிறதா படுத்து வருகிறதா. கடைக்குப் பின்னால் மணல் கொட்டிய தொட்டி இருந்தது. மணலிலிருந்து பந்தைத் தூக்குவதற்கென்றே உள்ள மட்டையான வெட்ஜின் அடியில், எங்கே உரசுகிறது என்று பார்க்க ஒரு டேப்பை ஒட்டி, பத்துப் பந்து அடிக்கச் சொன்னாள். ஒன்பது மணலிலேயே புதைந்தன. பத்தாவது வெளியே வந்தது. அதை அவர் காலால் தள்ளியதை அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

பிறகு மட்டையைக் கவிழ்த்து விரலால் தடவினாள். மேலே பளபளவென்று முலாம். அடியில் மட்டும் துரு. அந்தத் துருவை அவர் நாலு வருஷமாக அனுபவத்தின் அடையாளம் என்று எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார்.

"சார், மணல் வெட்ஜுக்கு அடிப்பக்கம் பருத்து இருக்கணும். அந்தப் பருமன்தான் மணல்ல வழுக்கிக்கிட்டுப் போய் பந்தைத் தூக்கும். இதை யாரோ மெஷின்ல வச்சு ராவியிருக்காங்க. உங்க கையில பெரிய தப்பு இல்ல. இது வெட்ஜே இல்ல, மண்வெட்டி."

எனாமல் ராவிய பல் என்ன ஆகும் என்று முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, கையிலிருந்த இரும்பு தெரியவில்லை. ஆனால் மெஷின் என்றதும் பட்டறை தெரிந்தது. பட்டறை தெரிந்ததும் மச்சான் தெரிந்தான். அந்த இடத்திலிருந்தே நீதிபதிக்குப் போன் போட்டு, இது சதி, கூடவே இருந்து குழி பறித்துவிட்டான், தூக்க வேண்டியது என்னையல்ல அவனை என்று கத்தினார். தொட்டியோரம் உட்கார்ந்திருந்த காக்கா எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை விசாரிக்கலாம் என்று மட்டும் சொல்லி நீதிபதி போனை வைத்தார்.

அந்தப் பெண் அசரவில்லை. அவர் கத்தி முடிக்கும் வரை காத்திருந்து, அடி பருத்த மட்டைகளாக நாலைந்தைக் கையில் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாவதில் பந்து பஞ்சுபோல எழுந்தது. அவர் அளவுக்குப் புதிது தயாராகும் வரை அதையே இரவல் கொடுத்தாள்.

டாக்டர் நேராகப் பட்டறைக்குப் போய், பழைய வெட்ஜை மேஜைமேல் போட்டார். நாலு வருஷம் என்னை மண்ணு தோண்ட வைத்துவிட்டு நீயே பெயரும் வைத்தாயா என்று ஆரம்பித்து, இனி உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்பது வரைக்கும் வந்தார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் ஆணியில் குத்தியிருந்த காகிதக் கத்தையிலிருந்து ஒன்றை உருவி நீட்டினான். டாக்டருடைய மருந்துச் சீட்டு. அவர் கையெழுத்து. 'அடிப்பாகம் அசிங்கமாகப் பருத்திருக்கிறது. கத்திபோல் மெல்லியதாக இழைக்கவும்.' கீழே, பழக்க தோஷத்தில், காலை ஒன்று மாலை ஒன்று.

"அன்னைக்கே வேணாம்னு சொன்னேன் அத்தான். அந்தப் பருமனை ஏதோ காரணத்தோடதான் வச்சிருப்பாங்கன்னேன். இரும்பு ராவுறவனுக்கு கோல்ஃபைப் பத்தி என்னடா தெரியும்னு கேட்டீங்க."

கேட்டது ஞாபகம் வந்தது. கேட்டபோது பட்டறை ஆட்கள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. இவ்வளவு கோபத்தையும் கொண்டுபோய் யார் தலையில் கொட்டுவதென்று தெரியாமல், டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினார். போகிற வழியில் காரின் கதவை மூன்று தடவை அறைந்து சாத்தினார். மூன்று தடவையும் அது ஒழுங்காகத்தான் சாத்தியிருந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தின் பதினெட்டு இலக்குக் குழிகளில் பதினேழு வரை மணல் பக்கமே போகாமல் தப்பித்தார். கடைசிக் குழிக்குப் போகும்போது பந்து தேடிப்பிடித்ததுபோல் மணலில் விழுந்தது. மூவரும் குடையை விரித்தார்கள். அந்தக் குடைகளைப் பார்த்த கோபத்தில் டாக்டர் ஓங்கினார். பருத்த அடி மணலில் வழுக்கியது. பந்து எழுந்து, இலக்குக் குழியில் நட்டிருந்த கொடியைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து மணலில் போய் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயும் இறங்கினார். ஒரே அடி. பந்து கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கேப்டன் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அட."

நீதிபதி குடையை மடக்கிக்கொண்டு, டாக்டருடைய இடம் பத்திரம், இனி மச்சானுடைய வழக்கை எடுக்கலாம் என்றார். மச்சான் மணலைச் சமன்படுத்திக்கொண்டே இருந்தான். தலையை நிமிர்த்தவேயில்லை. தான் பேசாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று டாக்டருக்குத் தெரியும். தெரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வழக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நான்தான் எழுதிக் குடுத்தேன், அவன் வேணாம்னான், நான் கேக்கல. போதுமா?" என்று சீட்டை நீதிபதியின் கையில் அறைந்தார்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலை ஒன்று மாலை ஒன்று வரைக்கும் படித்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டில் மீசையே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பொய்ப் புகாருக்குத் தண்டனை: ஒரு மாதம் மச்சானுடைய பையை டாக்டர் சுமக்க வேண்டும், இப்போதிலிருந்தே.

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினார். கணுக்கால் வரை பூமிக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. இறக்கிவைத்துத் திறந்தால், உள்ளே ஒரு மூட்டை உரம், அதன்மேல் அவருடைய பழைய வெட்ஜ்.

"இது எதுக்குடா இங்க?"

"அக்காதான் கேட்டா அத்தான். தோட்டத்துல செடி வைக்கணுமாம். குழி தோண்ட உங்களைவிட அனுபவப்பட்ட ஆள் கிடைக்க மாட்டாங்களாம்."