மையில் எழுதிய ஒன்பது சாவு

மருத்துவமனைக் குமாஸ்தா டீயைக் கவிழ்த்தது தன் மடியில் என்றால் நாலு பேர் சிரித்ததோடு போயிருக்கும். மனிதர் அதைக் கவிழ்த்தது தீவிர சிகிச்சைப் பிரிவின் டூட்டி நோட்டில்.

மேலதிகாரி பார்ப்பதற்குள் புது நோட்டு ஒன்றைப் பிடித்து, மூன்று மாத டூட்டியையும் மணிமணியான கையெழுத்தில் நகலெடுத்து, நனைந்ததைக் குப்பையில் போட்டார். நர்சுகள் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொண்டால் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைப்பார்கள். விதிப்படி கூடாது, ஊருக்கே தெரியும். பென்சிலெல்லாம் ஒரு எழுத்தா என்று நம் ஆள் மையில் இருந்ததை மட்டும் எழுதினார்.

அந்த மூன்று மாதத்தில் அங்கே ஒன்பது நோயாளிகள் இறந்திருந்தார்கள். ஏன் என்று மேலிடம் கேட்டதும், நிர்வாகம் ஓட்டை மூச்சுக் கருவிகளைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தது. ஒன்பது சாவுக்கும் நேராக ஒரே நர்சின் பெயர். இது தற்செயலாக நடக்கக் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார் ஒரு நிபுணர். அந்தக் கோடியை எங்கே பிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கண்ணாடி அவ்வளவு விலை உயர்ந்தது. நீதிபதி நோட்டின் தெளிவைப் பாராட்டினார். குமாஸ்தாவுக்கு உச்சி குளிர்ந்தது. நர்சுக்கு ஆயுள் தண்டனை.

"அஞ்சு நாள் நான் அங்க இல்லவே இல்லய்யா!" என்று அவள் கூண்டில் கத்தியது மட்டும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. அப்பீலுக்குப் பத்து நாள் இருக்கையில், அவள் உள்ளே போனது தன் நோட்டாலா என்று விசாரிக்கக் கிளம்பினார்.

தலைமை மருத்துவர் நிமிரவே இல்லை. "யோவ், நீ நோட்டு எழுதுறவன். தலையெழுத்து எழுதுறவன் இல்ல. போ."

அவளுடைய வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "வாயால சொன்னா ஆச்சா சார்? எழுத்துல இருக்கா? பாக்கலாம், பாக்கலாம்."

அவளோடு டூட்டி மாற்றிக்கொண்ட மூத்த நர்ஸ், "ரிட்டயராக நாலு மாசம் இருக்கு தம்பி. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். ஞாபகமே இல்லாதவர் எதற்கு அழுதார் என்பதைச் சொல்லவில்லை.

மனைவியிடம் கேட்டார். "ஒரு ஆளை உள்ள தள்ளுற சாமர்த்தியம் உங்களுக்கு இருந்தா நாம ஏன் இந்த ஒண்டுக் குடித்தனத்துல கெடக்கோம்? பேசாம சாப்பிடுங்க."

எல்லோரும் சேர்ந்து அவரை நல்லவராக்கப் பார்த்தார்கள். அவருக்கோ சோறு இறங்கவில்லை.

கடைசியில் சிறைக்கே போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தாள். டீ, குப்பை, பென்சில் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நடுவில், "வேணும்னு செய்யலம்மா, அவசரத்துல..." என்று ஆரம்பித்துத் தன் குரலே தனக்கு அருவருத்துப்போய் நிறுத்தினார்.

"சுத்தி வளைக்காம சொல்லும்மா. நீ இங்க இருக்கிறதுக்கு நான்தான் காரணமா?"

அவள் வலையருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாண்ணே. நீங்கதான். உங்க நோட்டு இல்லன்னா அவங்க கையில ஒண்ணுமே இல்ல. இப்ப சொன்னத அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு வக்கீல்கிட்ட குடுங்க. உங்க வேலை போயிடும்."