வலது கோடிக்காரன்

கதவைத் தாழிட்டுவிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வசந்தன் துப்பாக்கியைத் தூக்கினான். தோட்டா போடாத வெறும் துப்பாக்கி. வலது தோளில் அடிக்கட்டை, வலது கை விரல் விசையில். இறக்கினான். மறுபடி தூக்கினான். முதல் வாரம் மரக்கட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது. இப்போது கை கொஞ்சம் படிந்திருந்தது. பிறந்ததிலிருந்து இடது கைக்காரன். பள்ளியில் அந்தக் கை முட்டியில் வாங்கிய பிரம்படிக்குக்கூட மாறாதவன், நாற்பது வயதில் தானாக மாறிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் நின்றவன் மட்டும் இன்னும் நொட்டாங்கைக்காரனாகவே இருந்தான்.

கதவு தடதடத்தது.

"மச்சான்! உள்ள என்னா பூஜையா நடக்குது? தெற லா!"

புனிதன்தான். தங்கச்சி திலகாவின் புருஷன், அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரன். வசந்தன் துப்பாக்கியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தான்.

"காலையில வேட்ட. கங்காணி சொல்லி அனுப்புனாரு. நான் நடுவுல, அவரு இடது கோடி. உனக்கு வழக்கம்போல வலது கோடி. நொட்டாங்கைக்கு ரிசர்வ் பண்ண சீட்டாச்சே!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். வசந்தனும் சிரித்தான். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

செல்லையா, தேயிலைத் தோட்டத்து மேற்பார்வை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் எல்லாருக்கும் இன்னும் கங்காணிதான். பன்றி வேட்டையில் ஆட்களை நிறுத்துவது அவர் பொறுப்பு. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வலது கைக்காரனுக்குத் துப்பாக்கி இடது பக்கமாகத்தான் சுலபமாகத் திரும்பும். அவனை இடது கோடியில் நிறுத்து. இடது கைக்காரனுக்கு வலது பக்கம் திரும்பும். அவன் வலது கோடிக்குப் போகட்டும். அப்போது ரெண்டு கோடித் துப்பாக்கியும் வெளிப் பக்கம் பார்க்கும், நடுவில் நிற்பவன் வீட்டுக்குப் போவான். அந்தத் தோட்டத்து வேட்டையில் ஒருவன் மேலும் இதுவரை ஒரு ரவை பட்டதில்லை.

வசந்தனின் பழைய துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும். வெடித்த தோட்டாக் கூட்டைக் கையால் எடுத்துப் போடலாம்; எந்தக் கைக்காரன் என்று அது கேட்காது. அதன் குழல் விரிசல் விட்டதும் ஈப்போவுக்குப் போனான். கடைக்கார முகம்மது கனி இருந்ததை எடுத்துக் காட்டினார்.

"இது வெடிச்ச கூட்ட தானா வலது பக்கம் வெளிய தள்ளும் தம்பி. மத்தவனுக்கு சரி. உனக்கு மூஞ்சிக்கு முன்னாலயே பறக்கும். நொட்டாங்கைக்குன்னு தனியா வருது, எடுத்துத் தரேன். ஆனா பெர்மிட்டு அது இதுன்னு எத்தன மாசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"நான் கைய மாத்திக்கிட்டா?"

"கை மாறும். கண்ணு மாறாது. நீ குறி பாக்குறது இடது கண்ணுல. வலது தோள்ல வெச்சு சுட்டா குண்டு இடது பக்கமா ஒதுங்கும். பொறுத்து வாங்கு."

வசந்தன் பொறுக்கவில்லை. பெர்த்தாமில் அவனும் புனிதனும் குத்தகைக்கு எடுத்திருந்த காய்கறிக் கொல்லையைப் பன்றிகள் உழுது போட்டிருந்தன. இருந்ததை வாங்கி வந்தான். முதல் வெடியிலேயே சூடான கூடு கண்ணுக்கு முன்னால் பறக்க, புகையும் தூளும் முகத்தில் அடித்தன. அன்றைக்குத்தான் தோளை மாற்றினான். கங்காணியிடம் வாய் திறக்கவில்லை. போன வருஷம் லயத்துப் பையன் ஷர்வின் புதுத் துப்பாக்கி வாங்கியதும், "கை பழகுற வரைக்கும் தகரம் தட்டுடா" என்று அவனைப் பன்றி விரட்டும் கும்பலோடு அனுப்பிவிட்டார் கிழவர். வயசுப் பையன்களுக்கு நடுவில் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு நடப்பதை வசந்தன் நினைத்தே பார்க்க விரும்பவில்லை.

காலையில் பனி தேயிலைமேல் உட்கார்ந்திருந்தது. வலது கோடியிலிருந்து பார்த்தால் புனிதனின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அதற்கப்பால் கங்காணி இருக்கும் இடம் வெறும் வெள்ளை. பள்ளத்தில் தகரச் சத்தம் கிளம்பியது. கூச்சல் மேலே ஏறி வந்தது. காட்டோரப் புதர் அசைந்தது.

பன்றி வசந்தனுக்கு நேரே வெளியே வந்து, வரிசைக்குக் குறுக்கே இடது பக்கம் திரும்பி ஓடியது.

பழைய வசந்தனாக இருந்தால் விட்டிருப்பான். இடது தோளில் வைத்த துப்பாக்கி அந்தப் பக்கம் பாதியிலேயே முட்டி நின்றுவிடும். 'போய்த் தொலை' என்று இறக்கியிருப்பான். இன்றைக்குத் துப்பாக்கி எண்ணெய் போட்ட கதவுபோலத் திரும்பியது. அந்தச் சுலபம் அவனுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. விசையை இழுத்தான். அடிக்கட்டை சரியாகப் பொருந்தாமல் தோளெலும்பை இடித்தது. அதே நொடியில் இடது கோடியிலும் வெடித்தது. ரெண்டும் ஒரே வெடியாகத்தான் கேட்டது.

சிவப்புத் தொப்பியைக் காணவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது புனிதன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். வயிற்றைப் பிடித்த விரல்களுக்கிடையே ரத்தம் கொப்பளித்தது.

"மச்சான்... பன்னி போயிருச்சா?" என்றான்.

அதற்குப் பிறகு லோரியில் தானா ராத்தா டவுனுக்குப் போய்ச் சேரும்வரை அவன் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நாற்காலியில் செல்லையா குனிந்து உட்கார்ந்திருந்தார். பூட்ஸில் காய்ந்த சேறு தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவரும் வசந்தனும் ஒரே பெட்டித் தோட்டாவைத்தான் போட்டிருந்தார்கள். பன்றியைப் பார்த்துப் புனிதன் எந்தப் பக்கம் சுழன்றான் என்று யாருக்கும் தெரியாது. காயத்தைப் பார்த்து எவன் குண்டு என்று சொல்ல முடியாது.

"நான்தான்டா," என்றார் கிழவர், தரையைப் பார்த்தபடி. "பனியில அசைஞ்சத சுட்டேன். ஒன் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பாது. நான்தானே ஒன்ன அங்க நிறுத்துனேன். எனக்குத் தெரியாதா?"

வசந்தனின் வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. 'இப்ப சொல்லு' என்றது உள்ளே ஒன்று. 'உள்ளே இருப்பவன் பிழைத்து வரட்டும், அப்புறம் சொல்லலாம்' என்றது இன்னொன்று. ரெண்டாவதின் குரல் இதமாக இருந்தது.

போலீஸ்காரர் வந்தார். கிழவர் எழுந்து, விலங்கு மாட்டச் சொல்வதுபோல் ரெண்டு கையையும் நீட்டினார். "சாயா யாங் தெம்பாக், துவான்," என்றார் மலாயில். நான்தான் சுட்டேன். போலீஸ்காரர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற திலகா பாய்ந்து வந்தாள். தேயிலை பறிக்கும்போது கட்டும் பிளாஸ்டிக் விரிப்பை இடுப்பிலிருந்து இன்னும் அவிழ்க்கவில்லை.

"கண்ணு தெரியாத கெழவனுக்கு துப்பாக்கி ஒரு கேடா? எம் புருஷன்தான் கெடச்சானா ஒனக்கு? நீ ஜெயில்லயே கெடந்து சாவணும்!"

செல்லையா நிமிரவில்லை. அந்த வசவு தனக்குச் சேரவேண்டியதுதான் என்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திலகா திரும்பி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையில் சொற்கள் துண்டு துண்டாக விழுந்தன.

"நீ நொட்டாங்கையா பொறந்தது நல்லதாப் போச்சுண்ணே. இல்லன்னா இந்தப் பாவிங்க ஒன்னையுமில்ல சேத்து சொல்லியிருப்பானுங்க."

அவள் பிடியில் வலது தோள் அசைந்தது. வசந்தனுக்கு உயிர் போனது. மெல்ல அவள் விரல்களை விலக்கினான். இடது கையால் மேல் பித்தானைக் கழற்றினான். அடுத்ததை. அதற்கடுத்ததை. போலீஸ்காரரின் பேனா நின்றது. செல்லையா தலை நிமிர்ந்தார்.

சட்டை வலது தோளிலிருந்து வழிந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, அடிக்கட்டை இடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, ரத்தம் கட்டிக் கருநீலமாகக் கன்றியிருந்தது.

"அய்யோ, எங்கண்ணே அடிபட்டுச்சு?" என்று திலகா தொடக் கையை நீட்டினாள்.

கை தோளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. தொடவும் இல்லை, திரும்பவும் இல்லை. தேயிலைக் கறை படிந்த அந்த விரல்கள் அப்படியே இருக்க, அவள் கண் பித்தானைக் கழற்றிய இடது கைக்குப் போய், மறுபடி அந்த வலது தோளுக்கு வந்தது.