இரண்டாவது சரி

கப்பலில் முதல் தடவையாகப் போகிறவர்களுக்கு ஆயிரம் சந்தேகம். ஜன்னல் அறையா, ஜன்னல் இல்லாததா? மேல்தளமா, கீழ்த்தளமா? வாந்தி வருமா, வந்தால் எங்கே எடுப்பது? இப்படி வருகிற அத்தனை பேரையும் அந்த டிராவல் ஆபீசில் கடைசி மேஜைக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே கப்பலக்கா உட்கார்ந்திருப்பாள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆபீசில் அதைக் கேட்பாரில்லை.

ஆட்டத்துக்குப் பயந்தவர்களுக்கு நடுக்கப்பலில் கீழ்த்தளம் என்பாள். தூங்க மட்டும் அறைக்குப் போகிறவர்களுக்கு ஜன்னல் எதற்கு என்பாள். கப்பலின் வரைபடத்தை விரித்து, "ரூமை மட்டும் பாக்காதீங்க, தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டுவாள். மேலே நடன ஹால் என்றால் தூக்கம் போச்சு. மேலே சமையற்கட்டு என்றால் அதைவிட மோசம், விடியுமுன்பே தள்ளுவண்டிகள் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிடும். அந்த அறைகளைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள் என்பாள்.

சாப்பாட்டு மேஜை விஷயத்தில் இன்னும் கறார். புதுசாய்க் கல்யாணமான ஜோடி ஒன்று இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன மேஜைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றபோது, "முதல் நாள் ஜோரா இருக்கும். ரெண்டு நாள் போனா ரெண்டு பேரும் உப்பு டப்பாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. பேசாம வட்ட மேஜை எடுங்க, நாலு மனுஷங்க முகத்தைப் பாத்த மாதிரி இருக்கும்" என்று அனுப்பிவைத்தாள். அப்புறம் இரண்டாவது பந்தி. முதல் பந்தியில் உட்கார்ந்தால் அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டும், பரிமாறுகிறவரும் பறப்பார். இரண்டாவதில் உட்கார்ந்தால் நிதானமாய்ச் சாப்பிடலாம், எழுப்பிவிட ஆளில்லை.

இவ்வளவும் சொல்கிறவள் எத்தனை தடவை கப்பல் ஏறியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு தடவைகூட இல்லை. ஏரியில் படகு சவாரி போனபோதுகூடக் கரையில் நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தவள் அவள். எல்லாம் வீட்டுக்காரர் போனில் சொன்னது. அவர் ஒரு பெரிய பயணிகள் கப்பலின் சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவர். அந்த விடியற்காலைத் தள்ளுவண்டிகளில் ஒன்று அவர் தள்ளுவதுதான். அவர் வண்டிக்கு இடது சக்கரம் கீச்சிடும் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

அவர் கப்பலுக்குப் போனது வீடு கட்டி முடிக்கும்வரை என்றுதான். அப்புறம் மகள் படிப்பு வந்தது. அப்புறம் மகள் கல்யாணம் வந்தது. மகள் இப்போது வேறு ஊரில் தன் குடித்தனத்தைப் பார்க்கிறாள். காரணமெல்லாம் தீர்ந்துபோச்சு, மனுஷன் மட்டும் வந்தபாடில்லை. ஒவ்வொரு ஒப்பந்தமும் முடிகிறபோது, இதுதான் கடைசி என்பார். லீவில் வருவார், பெட்டியை முழுசாய்ப் பிரிக்கக்கூட மாட்டார், போய்விடுவார்.

போனில் அவள் கேட்காத நாளில்லை. இந்தத் தடவையோடு வந்துவிடுங்கள் என்பாள். "சரி சரி" என்பார் அவர். கல்யாணமான புதிதிலேயே அவளுக்குப் பிடிபட்டுப்போன விஷயம் இது. அவர் ஒரு சரி சொன்னால் சரி. இரண்டு சரி சொன்னால் நடக்காது. மொட்டைமாடிக் குழாய்க்கு அன்றைக்கு இரண்டு சரி சொன்னார், அது இன்றைக்கும் சொட்டுகிறது. நேரில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் அந்த இரண்டாவது சரியை விழுங்கிவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. லீவில் வரும்போது கேட்க வாய் வராது. இருக்கிற கொஞ்ச நாளையும் சண்டையாக்குவானேன் என்று தள்ளிப்போட்டுவிடுவாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒன்று உண்டு. அதில் இஸ்திரி போட வேண்டிய துணி மலையாய்க் குவிந்திருக்கும். ஊருக்கெல்லாம் மேஜை பார்த்துக் கொடுக்கிற கப்பலக்கா, அடுப்பு மேடைப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே கை கழுவுகிறவள். ஒற்றை ஆளுக்கு உட்கார்ந்து சாப்பிட மனசு வருவதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு கப்பல் கம்பெனி, ஆபீசுக்கு ஒரு இலவச அறை கொடுத்தது. முதலாளிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். "நீங்களே போயிட்டு வாங்கக்கா, உங்களுக்கென்ன பழகின கப்பல்தானே" என்று தள்ளிவிட்டார். எந்தக் கப்பல் என்று பார்த்தவள் பெயரை இன்னொரு தடவை படித்தாள். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே கப்பல்.

போனில் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் பாதி, கலக்கம் பாதி. ஊழியரின் குடும்பம் ஏறுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு இப்போது நேரமில்லை. பயணிகளோடு பழகினால் வேலைக்கே உலை. வா, ஆனால் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்றார். அடுத்த ஒப்பந்தத்துக்கு எப்போது கையெழுத்து என்று கேட்டாள். கப்பல் கரைக்குத் திரும்புகிற அன்றைக்குக் காலையில் என்றார். அதற்குள் கேட்டாக வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது கப்பலக்கா என்ன செய்தாள் தெரியுமா? யாரும் எடுக்கக் கூடாதென்று சொல்வாளே, சமையற்கட்டுக்கு நேர் கீழே இருக்கும் அறை, அதைக் கேட்டு வாங்கினாள். மேஜை, அவர் பரிமாறுகிற வட்ட மேஜை. இரண்டாவது பந்தி.

முதல் நாள் சாயங்காலம் அவர் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாய் வந்து, "குட் ஈவினிங் மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டில் தண்ணீர்ச் செம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தாத மனுஷன். துணியை உதறி அவள் மடியில் விரித்தார். காதுக்குப் பின்னால் நரை ஏறியிருந்தது. போனில் முகம் மட்டும்தானே தெரியும், காதுக்குப் பின்னால் யார் காட்டுகிறார்கள்? அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையைத் துணிக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அதே மேஜையில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கப்பலக்காவிடம் யோசனை கேட்டுத்தான் டிக்கெட் எடுத்தவர்கள். அவளைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். இவங்க கப்பலில் கரைகண்டவங்க என்று மற்றவர்களிடம் அறிமுகப்படுத்தினாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டாள் கப்பலக்கா. அன்றிலிருந்து யாருக்கு எந்தக் கரண்டி எதற்கென்று தெரியாவிட்டாலும் அவளைத்தான் கேட்டார்கள். அவள் கடைக்கண்ணால் வீட்டுக்காரரைப் பார்ப்பாள். அவர் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் சரியான கரண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவைப்பார்.

உங்க ரூம் எங்கே என்று டாக்டரம்மா கேட்டாள். சொன்னதும் முகத்தைச் சுளித்தாள். "அய்ய, எங்களுக்கு வேண்டாம்னு சொன்னீங்களே, அந்த ரூமா? தூக்கமே வராதே."

"வரல" என்றாள் கப்பலக்கா. பொய்யில்லை.

விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வாள். மேலே வண்டிகள் ஒவ்வொன்றாய்க் கிளம்பும். கனமாய் ஒன்று போகும், அது தட்டுகள். சலசலவென்று ஒன்று, கரண்டிகள். அப்புறம் கீச், கீச் என்று ஒன்று வரும். அவர் தலைக்கு மேலே நடந்துபோகிறார். ஒரு கூரைதான் நடுவில். வீட்டில் படுத்திருக்கும்போது நடுவில் கடல் இருக்கும், அப்போதுகூட இவ்வளவு தவிப்பு இருந்ததில்லை. அந்தச் சத்தம் போய்த் திரும்பி வரும்வரை மூச்சைக்கூட மெதுவாய் விடுவாள்.

பேசத்தான் வழியில்லை. ஊழியர்கள் மட்டும் என்று எழுதிய கதவுவரை ஒருநாள் போய்ப் பார்த்தாள். அங்கே நின்ற காவல்காரர் வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்து, கூடவே வந்து நீச்சல் குளத்தைக் காட்டிவிட்டுப் போனார். நடைவழியில் வீட்டுக்காரர் எதிரே வந்தால், "குட் மார்னிங் மேடம்." அவ்வளவுதான். அந்த மேடத்தைக் கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சலாய் வந்தது. தாலி கட்டினவன் வாயால் மேடம் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்தேனா என்றிருந்தது.

ஊர் திரும்ப ஒரு நாள் இருக்கையில் ஒரு காரியம் நடந்தது. இரவுச் சாப்பாடு. டாக்டர் பக்கத்து மேஜைக்காரரிடம் கதையளந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா கொஞ்சம் உரக்க, "என்னங்க" என்று கூப்பிட்டாள். மாத்திரை போட்டாரா என்று கேட்கத்தான். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தூரத்து மேஜையில் குனிந்து தட்டு எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார். முழு உடம்போடு திரும்பினார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவாரே, அந்தத் திரும்பல். கூப்பிட்டது யாரென்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போச்சு. அவசரமாய்த் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு, அதற்காகவே திரும்பினதுபோல் நடந்தார்.

கப்பலக்கா பார்த்துவிட்டாள். இவருக்கும் என்னைப்போலத்தான் தவிப்பாய் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள். பழகிப்போனவர், மறந்துபோனவர் என்று தான் திட்டித் தீர்த்ததெல்லாம் ஒரு நிமிஷத்தில் கரைந்துபோனது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என்னங்க என்று யாரும் யாரையும் கூப்பிடலாம். புருஷனைக் கூப்பிடலாம், கடைக்காரரைக் கூப்பிடலாம், பரிமாறுகிறவரைக் கூப்பிடலாம். அந்த வார்த்தையைக் கேட்டு யார் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

மறுநாள் கடைசி இரவுச் சாப்பாடு. விடிந்தால் கரை, கரைக்கு முன்னால் கையெழுத்து. மீனும் முடிந்தது, கறியும் முடிந்தது. அவர் மெனு அட்டையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்தது கொண்டு வரட்டுமா மேடம்?"

"என்னங்க" என்றாள் அவள்.

அவர் அட்டையை மூடிக்கொண்டார். மேஜையில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

"அடுத்தது வேண்டாங்க. இதோட போதும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அதான் கடைசி."

"போன தடவையும் கடைசின்னுதான் சொன்னீங்க."

டாக்டர் சிரித்தார். "நேத்து ரெண்டாவது ஐஸ்கிரீம் வந்துச்சே, அதைச் சொல்றாங்க."

வாங்கிக்கோங்க, வேண்டாமென்றால் யாருக்கு லாபம் என்று டாக்டரம்மா தன் பங்குக்குச் சொன்னாள். கப்பலக்கா அவளைப் பார்க்கவில்லை. உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க கொண்டு வர்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குறை சொல்லல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காத்துக்கிட்டு உக்காந்திருக்கறது என்னால முடியலங்க."

"இதை விட்டா வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல மேடம்." குரல் தாழ்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் போனில் சொல்லாததை இப்போது சொல்லிவிட்டார். கரைக்கு வந்து என்ன செய்வதென்ற பயம்தான் இத்தனை நாளாய் மனுஷனைப் பிடித்து வைத்திருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது. இதைச் சொல்ல இவ்வளவு காலமா?

"வீட்ல இருக்கறதைச் சாப்பிட்டுக்கலாம்ங்க" என்றாள். "உக்காந்து சாப்பிடலாம்."

அதுதான் வாஸ்தவம், வெளிச்சாப்பாடு எத்தனை நாள் ஓடும் என்று டாக்டர் தலையாட்டினார்.

வீட்டுக்காரர் குனிந்தார். மேஜைத் துணியில் சிந்தின ரொட்டித் துகளை எடுக்கும் சின்னத் தகட்டை எடுத்து, அவள் தட்டுக்கு முன்னால் மெதுவாய் வழித்தார். அங்கே துகளே இல்லை. அவள் கை மேஜை ஓரத்தில் இருந்தது. தகடு அந்தக் கைவரை வந்து நின்றது.

"சரி" என்றார்.

மேடம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சரி.

கப்பலக்கா அடுத்ததற்குக் காத்திருந்தாள். அவர் அவள் தட்டை எடுத்தார். பக்கத்துத் தட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு டாக்டர் பக்கம் போனார். இப்போது வரும், நெஞ்சைத் தயார் பண்ணிக்கொள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கண்ணு ஏன் கலங்குது, ஐஸ்கிரீம் வேணும்னா வெட்கப்படாம சொல்லுங்க, இப்பவே கூப்பிட்டுடலாம் என்று டாக்டரம்மா தோளைத் தட்டினாள். அவர் டாக்டரம்மாவின் தட்டையும் எடுத்துக்கொண்டார். கை நிறையத் தட்டுகளோடு ஹாலைக் கடந்து, சமையற்கட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு இரண்டு தடவை ஆடிவிட்டு நின்றது.

இரண்டாவது சரி வரவில்லை.